ஆளுக்கொரு வேலை

மனநோயை மறைப்பதற்கு ஒரு குடும்பம் எவ்வளவு பாடுபடுகிறது என்பது அதற்குள் வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பெயர் தெரியாதபடி வேறு டப்பாவில் போட வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் பக்கத்து வீட்டுக்கு ஒரு பொய், வேலை பார்க்கும் இடத்துக்கு இன்னொரு பொய் தயாராக இருக்க வேண்டும். எந்தச் சொந்தக்காரரிடம் எதைச் சொன்னோம் என்பதை மறக்காமல் இருக்க வேண்டும். மதுரை செல்லூரில் எங்கள் வீட்டில் என் கணவர், அத்தை, மாமா, கொழுந்தன், நாத்தனார் என்று ஐந்து பேரும் சில வருடங்கள் இந்த வேலையைத்தான் செய்தார்கள். அந்த உழைப்பில் ஒரு துளிகூட என் நோய்க்கு மருந்தாகவில்லை. பிறகு அதே ஐந்து பேரிடம் வேறு வேலைகளைக் கொடுத்தோம். வீட்டின் பயம் அதற்குப் பிறகுதான் போனது. அந்த வேலைகள் என்னென்ன, யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் ஒரு வீட்டுக்காவது பயன்பட வேண்டும் என்பது என் ஆசை.

எனக்கு இருப்பது இருமுனை மனநிலைக் கோளாறு. மருத்துவர்கள் பைபோலார் என்கிறார்கள். மனம் ஒரு காலத்தில் கட்டுக்கடங்காமல் பொங்கும். இன்னொரு காலத்தில் எழுந்து பல் துலக்கவும் முடியாத அளவுக்குத் தாழ்ந்துவிடும். இடையில் நீண்ட காலம் எல்லோரையும் போலத்தான் இருப்பேன். தலைப்பிரசவத்துக்கு உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் தாய்வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தை பிறந்த முதல் வாரத்திலேயே தூக்கம் போய்விட்டது. குழந்தை தூங்கும்போதும் நான் தூங்கவில்லை. அசதியும் தெரியவில்லை. வாய் ஓயாமல் பேசினேன். என் பிள்ளை சாமி கொடுத்த பிள்ளை, அதைப் பற்றிய உத்தரவுகள் எனக்கு மட்டும் வருகின்றன, தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் அதைத்தான் பூடகமாகச் சொல்கிறார் என்று முழுமனதோடு நம்பினேன். ஒரு நள்ளிரவில் பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்கு நடந்தே கிளம்பிவிட்டேன். அம்மா வாசலில் குறுக்கே நின்று தடுத்தார்.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பிரசவ ஜன்னி என்றார் ஒரு பாட்டி. தீட்டோடு வெளியே வந்தபோது முனி அடித்துவிட்டது என்றார் இன்னொருவர். கோடாங்கி வந்து உடுக்கை அடித்துக் குறி சொன்னார். அப்பா என்னை மேலமடைப் பாண்டி கோயிலுக்கு அழைத்துப்போனார். குழந்தையின் எடை பார்க்க வந்த கிராம சுகாதாரச் செவிலியர்தான் என்னைப் பார்த்த உடனே அம்மாவைத் தனியே அழைத்து, “சாமி கும்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள். இது பிரசவத்தோடு வருகிற நோய்தான், நான் பார்த்திருக்கிறேன்” என்றார். பெரியாஸ்பத்திரி என்று எங்கள் பக்கம் சொல்வது மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையை.

அவர் சொன்னது முழு உண்மை. ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில் இப்படி நடக்கிறது. பெரும்பாலும் குழந்தை பிறந்த இரண்டு வாரங்களுக்குள் தொடங்கும். நாலு நாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாத அவசரம் இது. தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. அதே நேரம், உடனே சிகிச்சை கிடைத்தால் மிக நன்றாகக் குணம் தெரிகிற நிலையும் இதுதான். பிரசவமான பெண்களைப் பார்க்கப் போகிறவர்கள் குழந்தைக்கு யார் ஜாடை என்று பேசும் நேரத்தில், தாய் நேற்று இரவு எவ்வளவு நேரம் தூங்கினாள் என்றும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பாண்டி முனீஸ்வரரை நான் இன்றும் கும்பிடுகிறேன். அப்பா ஒவ்வொரு வருடமும் எனக்காக அங்கே பொங்கல் வைக்கிறார். கோயிலா மருந்தா என்று யாரையும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லத் தேவையில்லை. காலையில் கோயிலுக்குப் போனவர்கள் மதியம் மருத்துவரிடமும் போகலாம். ஆனால் கட்டிப்போடுவதையும் அடிப்பதையும் எந்தப் பெயரில் செய்தாலும் ஏற்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, உள்ளே சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிச் செத்தார்கள். அவர்களும் ஏதோ ஒரு வீட்டில், நம்மைப் போன்றவர்கள் வீட்டில், பிறந்தவர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்திருக்கிறது. மயக்க மருந்து கொடுக்காமல் மின்னதிர்ச்சி சிகிச்சை அளிப்பதையும் தடுத்திருக்கிறது. இதைத் தெரிந்துவைத்திருந்தால் ஆஸ்பத்திரி என்றதும் வரும் பயம் பாதி குறையும்.

வார்டில் இருந்த நாட்கள் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கின்றன. தூக்கம் திரும்பியது, உத்தரவுகள் நின்றன. அன்று எனக்குக் கொடுத்த மருந்துகளின் காரணமாகத் தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னார்கள். எல்லா மருந்துக்கும் அப்படி நிறுத்த வேண்டியதில்லை, மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். குழந்தை பால் மாவில் நன்றாகவே வளர்ந்தது. ஆனால் பார்க்க வந்த பெண்கள் புட்டியைப் பார்த்ததும் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் உடம்பில் தைத்தன. பொங்கிய மனம் அடங்கியபின் சோர்வு வந்தது. இந்தப் பிள்ளைக்கு நான் பாரம், நான் இல்லாவிட்டால் நன்றாக வளரும் என்ற எண்ணம் காலையில் கண் திறந்ததுமே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை அம்மாவிடம் வாய்விட்டுச் சொன்னேன். அம்மா திட்டவில்லை, அழவில்லை. அன்றே மருத்துவரிடம் போய்ச் சொன்னார். நான் உயிரோடு இருப்பதற்கு அந்த ஒரு செயல்தான் காரணம் என்று நினைக்கிறேன். அப்படியொரு எண்ணத்தை யாராவது உங்களிடம் சொன்னால் அறிவுரை சொல்ல உட்காராதீர்கள், தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

செல்லூருக்குத் திரும்பியதும் மறைக்கும் வேலை தொடங்கியது. ரத்தசோகை என்று தெருவுக்குச் சொல்லப்பட்டது. நான் அசலிலிருந்து இந்த வீட்டுக்கு வாழ வந்தவள். கணவர் வீட்டுக்கும் எனக்கும் முன் உறவு கிடையாது. அதனால் ‘நோய்க்காரப் பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள்’ என்ற பேச்சு எளிதாக எழுந்தது. விவாகரத்துக் கேட்டால் உடனே கிடைக்கும் என்று கணவரின் பெரியப்பா ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அது அப்படியில்லை. இந்துத் திருமணச் சட்டத்தில் மனநோய் ஒரு காரணமாக இருப்பது உண்மைதான். ஆனால் சேர்ந்து வாழ்வதை நியாயமாக எதிர்பார்க்க முடியாத அளவுக்கு அது தீவிரமாக இருக்க வேண்டும். நோயின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, அதன் அளவைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. சீட்டில் எழுதியிருக்கும் நோயின் பெயரைக் காட்டி மிரட்டப்படும் பெண்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது தெரிய வேண்டும். என் கணவர் பெரியப்பாவுக்குப் பதில் சொல்லவில்லை. மறுநாளும் தறிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

மறைத்ததற்கான விலையை நாத்தனார் கல்யாணத்தில் கொடுத்தோம். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீடு நிறைய ஆட்கள். யார் கண்ணிலும் படக்கூடாது என்று என் மாத்திரைகளைப் பீரோவின் அடித்தட்டில், சேலைகளுக்குக் கீழே வைத்தார்கள். சாவி ஒரு நாள் அத்தையிடம், ஒரு நாள் வேறொருவரிடம். அறைக்குள் எப்போதும் யாராவது இருந்தார்கள். இரவெல்லாம் சீர்வரிசை கட்டும் வேலை. மாத்திரையும் விட்டது, தூக்கமும் விட்டது. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது என் நகைகளை அடகுக்கடையில் வைத்துக் கோயிலில் அன்னதானத்துக்குப் பணம் கட்டிவிட்டேன். மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் பேசிய பேச்சை இங்கே எழுதவில்லை. தாலி ஏறியது, ஆனால் அன்று மாலையே எங்கள் வீட்டு ரகசியம் ரகசியமாக இல்லை.

அந்த மண்டபத்தில் ஐந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. அந்தச் சராசரியை வைத்தால் என்னைப் பார்த்து முகம் சுளித்தவர்களுக்கிடையே ஐம்பது பேர் தங்களுடையதை மறைத்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது.

மறுபடி வார்டு. இந்த முறை அங்கே ஒரு மனநல சமூகப் பணியாளர் இருந்தார். வீட்டுக்குப் போவதற்கு முன் ஐந்து பேரையும் வரச்சொன்னார். என் மேல் அன்பாக இருங்கள், பொறுமையாக இருங்கள் என்று அவர் உபதேசம் செய்யவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: “இவர் வீட்டுக்கு வந்தால் உங்களுக்கு எது பயமாக இருக்கிறது?” முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு அத்தைதான் சொன்னார்: “ராத்திரியில் நான் தூங்கும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்காவது போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது.” கொழுந்தனுக்குப் பணம், நகை பற்றிய பயம். மாமாவுக்கு டீக்கடையில் யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற பயம். நாத்தனாருக்குப் புகுந்த வீட்டில் தன்னை எப்படிப் பார்ப்பார்களோ என்ற பயம். கணவர் கடைசியாகச் சொன்னார்: “இவள் சிரித்தாலே எனக்குச் சந்தேகம் வருகிறது. அப்படி ஆகிவிட்டேனே என்று பயமாக இருக்கிறது.” இத்தனை வருடமும் என்னைக் கண்டு அருவருக்கிறார்கள் என்று நான் நினைத்திருந்த மனிதர்கள், ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட விஷயத்துக்குப் பயந்துகொண்டிருந்தார்கள். யாருக்கு எதில் பயமோ, அதிலேயே அவருக்கு ஒரு வேலை கொடுக்கலாம் என்றார் அந்தப் பணியாளர். நான் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் அதன் விவரம்.

அத்தைக்குத் தூக்கக் கணக்கு. இருமுனைக் கோளாறில் மனம் பொங்கப்போவதை எல்லாவற்றுக்கும் முன்னால் தூக்கம் காட்டிக்கொடுக்கும். மூன்று மணி நேரம் தூங்கியும் ஒருவர் துறுதுறுவென்று, களைப்பே இல்லாமல் இருந்தால் அதுதான் மணியோசை. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் நான் விடியும் வரை தூங்கினால் ஒரு கோடு, நடுவில் எழுந்து நடமாடினால் ஒரு வட்டம் போடுவார். கிழித்த தாள்களை எறியாமல் நூலில் கோத்து வைப்பார். அடுத்தடுத்து இரண்டு வட்டம் வந்தால் கணவரிடம் சொல்ல வேண்டும், அவர் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இதில் யாரும் என்னிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று நானே சொல்லியிருக்கிறேன். முன்பெல்லாம் கதவில் சத்தம் கேட்டால் திடுக்கிட்டு எழும் அத்தை, இப்போது எழுந்து வந்து, “வட்டம் போடவா, தண்ணீர் குடிக்க எழுந்தாயா?” என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுக்கிறார். எங்கள் இருவருக்கும் இடையில் பல வருடமாக இருந்த இறுக்கம் இந்த ஒரு கேள்வியில் தளர்ந்தது.

கொழுந்தனுக்குப் பணக் கணக்கு. நான் நன்றாக இருக்கும் காலத்தில், என் சம்மதத்தோடு, நகைகளை அவன் பெயரும் என் பெயரும் சேர்ந்த வங்கிப் பெட்டகத்தில் வைத்தோம். அன்றாடச் செலவுக்கு ஒரு கணக்கு, அதில் அந்த மாதத்துக்கு வேண்டியது மட்டும். பெரிய தொகை எதையும் மூன்று நாள் கழித்தே எடுப்பேன் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். பொங்கும் மனத்துக்கு மூன்று நாள் என்பது மிக நீண்ட காலம். அதற்குள் அத்தையின் வட்டங்கள் பேசிவிடும். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டை நோயாளி நன்றாக இருக்கும்போது, அவர் வாயாலேயே சொல்லிச் செய்ய வேண்டும். நோய் முற்றிய நேரத்தில் ஏடிஎம் கார்டைப் பிடுங்குவது சண்டையில்தான் முடியும், பிறகு நம்பிக்கையும் திரும்பாது.

மாமாவுக்கு ஒரு பதில் எழுதிக் கொடுத்தோம். “மருமகளுக்கு மூளை சம்பந்தப்பட்ட ஒரு நோய். மாத்திரை சாப்பிடுகிறாள். நன்றாக இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள்.” இதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. மாமா இதை வீட்டில் எங்கள் முன்னால் சொல்லிப் பார்த்தார். டீக்கடையில் முதல்முறை சொன்னபோது கேட்டவர் அடுத்த கேள்வி கேட்காமல் தன் தம்பி மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாராம். இப்போது எங்கள் தெருவில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு பிரச்சினை என்றால் மாமாவிடம் வருகிறார்கள். அவர்தான் எந்த வழியாகப் போனால் மனநலப் பிரிவு, எப்போது சீட்டுப் பதிவு என்று சொல்லி அனுப்புகிறார்.

நாத்தனார் தன் மாமியாரையே மருத்துவரிடம் அழைத்து வந்தாள். “மதினியைப் பற்றி என்ன கேட்க வேண்டுமோ நேராகக் கேளுங்கள்” என்றாள். அந்த அம்மா கேட்டது: “எங்கள் பேரப்பிள்ளைக்கும் வருமா?” மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நாத்தனாருக்கும் எனக்கும் ரத்த சம்பந்தமே இல்லை. என்னிடமிருந்து அவள் பிள்ளைக்குப் போக வழியில்லை. இவ்வளவு எளிய உண்மையை அந்த வீட்டில் அதுவரை ஒருவரும் யோசித்துப் பார்க்கவில்லை. பயம் அப்படித்தான் வேலை செய்கிறது.

கணவருக்கு மாத்திரைப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை இரவு வாரத்துக்கான மாத்திரைகளை நானே கட்டம் கட்டமான பெட்டியில் நிரப்புகிறேன். அடுத்த ஞாயிறு பெட்டி காலியாக இருக்கிறதா என்று அவர் பார்க்கிறார். தினமும் “மாத்திரை போட்டாயா?” என்று கேட்பதை நிறுத்திவிட்டார். கோபப்பட்டால் மாத்திரை, சிரித்தால் மாத்திரை என்று கேட்டால் எந்த மனைவியும் நொந்துபோவாள். எனக்கும் மற்றவர்களைப் போலக் கோபப்படும் உரிமை உண்டு. பெட்டி சரியாக இருந்து, நாள்காட்டியில் கோடுகளும் சரியாக இருந்தால், என் கோபம் வெறும் கோபம்தான். இது அவருக்கு நிம்மதி, எனக்கு மரியாதை.

இனி லித்தியம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மதுரை வெயிலில் இந்த மாத்திரையோடு வாழ்கிறவர்களுக்கு இதை யாராவது தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1949இல் இதன் பயனை எழுதினார். இன்றும் இந்த நோய்க்கு முதன்மையான மருந்துகளில் ஒன்று. ஆனால் குணம் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. அதனால் ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும்; பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கும்படி வைப்பார்கள். இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடுவதற்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரை போட்டுவிட்டுப் போனால் கணக்குத் தப்பாக வரும். கூடவே தைராய்டும் சிறுநீரகமும் குறிப்பிட்ட இடைவெளியில் பார்க்கப்பட வேண்டும்.

உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் லித்தியம் ரத்தத்தில் ஏறிவிடும். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையில் மணிக்கணக்காக வியர்த்து நிற்பது, வெள்ளிக்கிழமை தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருப்பது, வயிற்றுப்போக்கை இரண்டு நாள் பார்க்கலாம் என்று விடுவது, யாரோ சொன்னார்கள் என்று உப்பை ஒரேயடியாக நிறுத்துவது, இவை எல்லாமே ஆபத்து. நான் விரதத்தை விடவில்லை. மருத்துவரிடம் கேட்டு, மோரும் தண்ணீரும் குடித்து இருக்கிறேன். அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை. இன்னொன்று, மூட்டுவலி, பல்வலி என்று மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் லித்தியத்தின் அளவை ஏற்றும். சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகளும் அப்படியே. எந்த மருத்துவரிடம் போனாலும், எந்தக் கடையில் மருந்து வாங்கினாலும், “லித்தியம் சாப்பிடுகிறேன்” என்ற வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள். பர்ஸில் எழுதியும் வைத்திருங்கள். கை நடுக்கம் அதிகமாவது, வாந்தி, தள்ளாட்டம், நாக்குக் குழறல் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்ற நேரங்களில், எடை கூடுகிறது, தாகம் எடுக்கிறது என்று தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்புகிறது. பக்கவிளைவு தாங்கவில்லை என்றால் மருத்துவரிடம் சண்டை போட்டாவது சொல்லுங்கள். மாற்று மருந்துகள் இருக்கின்றன.

புறநோயாளிப் பிரிவில் கூட்டம் அதிகம், மருத்துவரிடம் கிடைக்கும் நேரம் குறைவு. நான் ஒரு சிறிய தாளில் மூன்று வரி எழுதிப் போவேன்: தூக்கம் எப்படி, எத்தனை வேளை மாத்திரை தவறியது, புதிதாக என்ன தொந்தரவு. அரசு மருத்துவமனையில் இந்த மருந்துகள் இலவசம். மதுரைக்கு வர முடியாதவர்கள் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் தங்கள் வட்டார அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம். வேலைப் பயிற்சி, பகல்நேர மறுவாழ்வு போன்றவை தேவைப்படுகிறவர்களுக்கு 1992 முதல் மதுரையில் இயங்கும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை போன்ற இடங்கள் இருக்கின்றன. 2017 சட்டப்படி, நமக்கு முடியாத நேரத்தில் நம் சார்பாக முடிவெடுக்க ஒருவரை நாமே நியமித்துக்கொள்ளலாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். நான் என் கணவரை எழுதியிருக்கிறேன். அடுத்த வீட்டு அக்கா ஒருவர், கணவன் கொடுமைக்காரன் என்பதால், தன் தங்கையை எழுதி வைத்திருக்கிறார். அந்த உரிமை இருப்பதே அவருக்குப் பெரிய தெம்பு.

வேலை விஷயம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். பூ வியாபாரம் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். முகூர்த்த நாளென்றால் இன்னும் சீக்கிரம். அந்த நேரத்துக்கு எழுந்துபோனால் என் தூக்கம் கெடும். முதலாளி அண்ணாச்சியிடம் நோயின் பெயரைச் சொல்வதற்கு முன், எனக்கு என்ன வேண்டும் என்பதை முடிவு செய்துகொண்டு போனேன். “அண்ணாச்சி, எனக்கு ஒரு மனநோய் இருக்கிறது, மருந்தில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தூக்கம் கெடக்கூடாது. காலை ஒன்பதுக்கு வந்து, அன்றைய சீட்டு முழுவதையும் வரவு வைத்து முடித்துவிட்டுத்தான் போவேன்.” அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “கணக்கு இடிக்காமல் இருந்தால் சரி, அம்மா” என்றார். அதற்கு முன் வேலை பார்த்த ஒரு கடையில், விஷயம் தெரிந்த வாரத்திலேயே இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டும் நடக்கும். ஆனால் இரக்கம் கேட்பதைவிட, இன்ன ஏற்பாடு வேண்டும் என்று கேட்டால் எதிரில் இருப்பவருக்குப் பதில் சொல்வது எளிதாகிறது.

என் மகளுக்கு விவரம் தெரியும் வயது வந்ததும் நானே சொன்னேன். வேறு யாரோ சொல்லித் தெரியக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். “எனக்கும் வருமா, அம்மா?” என்று கேட்டாள். மற்ற பிள்ளைகளைவிட வாய்ப்பு சற்று அதிகம், ஆனால் இப்படிப்பட்ட தாய்க்குப் பிறந்த பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை, வந்தாலும் நம் வீட்டில் எல்லோருக்கும் என்ன செய்வதென்று தெரியும் என்றேன். கேட்டுக்கொண்டு, அத்தையின் நாள்காட்டியைத் தானும் பார்க்கலாமா என்றாள். அவளுக்கு வேலை எதுவும் கொடுக்கவில்லை. குழந்தைகளைக் காவலுக்கு வைக்கக்கூடாது.

மாறாதவர்களும் இருக்கிறார்கள். சொந்தத்தில் பல வளைகாப்புகளுக்கு என்னை அழைக்காமல் விட்டார்கள்; பிரசவத்தில் புத்தி பிசகியவள் வளையல் போட்டால் ஆகாது என்ற எண்ணம். அந்த வலிக்கு என்னிடம் மருந்து கிடையாது. ஆனால் போன மாதம் என் ஒன்றுவிட்ட அக்கா, தன் மகளின் வளைகாப்புக்கு என்னை நேரில் வந்து அழைத்தார். மகளுக்குக் கல்லூரி நாட்களிலேயே இதே நோய் வந்து சிகிச்சையில் இருக்கிறாள் என்பதை அன்றைக்குத்தான் சொன்னார். இவ்வளவு காலம் என்னிடமே மறைத்திருக்கிறார்.

அவளுக்கு முதல் வளையலை நான்தான் போட்டேன். பந்தி முடிந்ததும் அவள் கணவனையும் மாமியாரையும் உட்கார வைத்து அதே கேள்வியைக் கேட்டேன். பிரசவத்துக்கு முன்பே மகப்பேறு மருத்துவரும் மனநல மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசியிருக்க வேண்டும். கர்ப்பம் என்று தானாக மாத்திரையை நிறுத்தக்கூடாது, மாற்றக்கூடாது. பிள்ளை பிறந்தபின் இரவில் அவள் தொடர்ந்து தூங்கியாக வேண்டும் என்பதைச் சொன்னேன். இரவுப் பால் மாமியாரின் பொறுப்பு. இரண்டு இரவு தூக்கம் கெட்டால் மருத்துவரை அழைப்பது கணவனின் பொறுப்பு. மருத்துவர் கிடைக்காவிட்டால் 14416; டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், 2022 முதல் இயங்குகிறது, எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நிலைமை கைமீறினால் 108. எல்லாவற்றையும் கணவனே ஒரு தாளில் எழுதி அடுப்படிக் கதவில் ஒட்டிவிட்டான்.

ஐப்பசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். முதல் மூன்று வாரம் துணைக்கு வருகிறேன் என்று சொல்லி, அண்ணாச்சியிடம் விடுப்பும் கேட்டுவிட்டேன். பகலில் மட்டும்தான் வர வேண்டும் என்று அவளுடைய மாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இரவில் எனக்கும் தூக்கம் கெடக்கூடாதாம்.